கண்டிக்கோட்டா பள்ளத்தாக்கு: டெல்டாவிலிருந்து நான்கு நாளில் போய்வர முழு வழிகாட்டி

ஆந்திர மாநிலம் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு ஊரிலிருந்து 15 கி.மீ. தள்ளி இருக்கிறது கண்டிக்கோட்டா. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போகும் இடம். இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை, சுமார் 300 அடி கீழே தண்ணீர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் இன்னொரு பாதி விமானத்தை ஏற்றி வைத்தால் வரும் உயரம்தான் இந்த ஆழம். யூடியூபில் 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்பார்கள். அமெரிக்காவில் உள்ளது ஒரு மைலுக்கு மேல் ஆழம், 446 கி.மீ. நீளம். அதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இங்கே விசேஷம் வேறு. பாறை விளிம்புக்குப் பக்கத்திலேயே உட்காரலாம், முதுகுக்குப் பின்னால் ஒரு முழுக் கோட்டை ஊரே நிற்கிறது.

வழியில் பண்ருட்டிப் பக்கம் நீங்கள் கடப்பது தென்பெண்ணை. போய்ச் சேர்வது வடபெண்ணை. இரண்டும் நந்தி மலைப் பகுதியில் பிறப்பவை.

திட்டம் போடும்போது ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடம் நன்றாக இருப்பது ஒரு நாளில் இரண்டே வேளை: விடிந்து இரண்டு மணி நேரம், இருட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரம். சாய்ந்த வெயிலில்தான் பாறை அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். நடுப்பகலில் எல்லாம் வெளிறித் தட்டையாகிவிடும், பாறையும் சுடும். அதனால் காலையில் வந்து மதியம் கிளம்பும் திட்டம் வீண். இரண்டு இரவு அங்கே அல்லது ஜம்மலமடுகில் தங்கினால்தான் ஒரு முழு விடியலும் ஒரு முழு அந்தியும் கையில் கிடைக்கும். கீழே உள்ள எல்லாக் கணக்கும் இதை வைத்துப் போட்டதுதான்.

எந்த மாதம்

சித்திரை, வைகாசியில் கடப்பா 42 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். நிழல் தரும் மரம் விளிம்பில் கிடையாது.

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு இருக்கும் அதே வடகிழக்குப் பருவமழை, அதே வங்கக் கடல் புயல் அங்கேயும் உண்டு. 2021 நவம்பரில் பெய்த மழையில் ராஜம்பேட்டை பக்கம் அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்தது. அதே வெள்ளத்தில் கமலாபுரம் அருகே பாபாக்னி ஆற்றுப் பாலமும் இடிந்தது. கடப்பாவிலிருந்து கண்டிக்கோட்டா போகும் சாலை அதுதான். ஆகவே நவம்பரில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால், அது நாகைக்கு வந்தாலும் நெல்லூருக்குப் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நல்ல காலம் மார்கழித் தொடக்கத்திலிருந்து மாசி வரை. சம்பா வைத்திருப்பவர்களுக்கு நடவு, களை, மேலுரம் எல்லாம் முடிந்து அறுவடைக்கு முன் ஒரு இடைவெளி வருமே, டிசம்பர் மூன்றாவது வாரம், அது ரொம்பப் பொருத்தம். கிறிஸ்துமஸ் முதல் ஆங்கிலப் புத்தாண்டு வரை பெங்களூர், ஹைதராபாத் கூட்டம் வந்து நிரம்பும். பொங்கல் சமயத்தில் அங்கே சங்கராந்தி, பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. இந்த இரண்டையும் தவிர்த்து, திங்கள் முதல் வியாழனுக்குள் அங்கே இருக்கும்படி நாள் குறியுங்கள்.

தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று கேட்பார்கள். மேட்டூர் மட்டத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரிவது சுலபம். பள்ளத்தாக்குக்கு மேலே கண்டிக்கோட்டா அணை, கொள்ளளவு 26.85 டிஎம்சி. கிருஷ்ணா தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். கீழே மைலவரம் அணை. பள்ளத்தாக்கில் தேங்கி நிற்பது பெரும்பாலும் மைலவரம் அணையின் பின்தேக்கம். அதனால் மழை பெய்ததா என்று மட்டும் பார்க்காமல் அந்த இரண்டு அணைகளின் இருப்பையும் பாருங்கள். நல்ல மழை ஆண்டில் தை மாதம் பச்சை நிறத்தில் அகலமாகத் தண்ணீர் நிற்கும். வறண்ட ஆண்டில் மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும்.

காரில் போகும் வழி

கும்பகோணத்திலிருந்து சுமார் 550 கி.மீ. தஞ்சாவூர்க்காரர்கள் 40 கி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி வழியாக விழுப்புரம், அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 38-இல் திருவண்ணாமலை, வேலூர். பிறகு காட்பாடி, சித்தூர் தாண்டி நெடுஞ்சாலை 40-இல் பீலேர், ராயச்சோட்டி, கடப்பா. கடப்பாவிலிருந்து கமலாபுரம், எர்ரகுண்ட்லா வழியாக ஜம்மலமடுகு.

விடிகாலை 4 மணிக்கு வண்டியை எடுத்தால் திருவண்ணாமலையில் 8 மணிக்குக் காலை டிபன், பீலேரில் ஒரு மணி வாக்கில் மதியச் சாப்பாடு, கடப்பா நாலு மணி, கண்டிக்கோட்டா ஆறு மணிக்கு மேல். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைவது 5:50 சுமாருக்கு. கணக்கு உதைக்கிறது பாருங்கள். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். முதல் நாளே சூரிய அஸ்தமனத்தைப் பிடிக்க வேண்டும் என்று டிரைவரை விரட்டுவார்கள். ராயச்சோட்டிக்கும் கடப்பாவுக்கும் நடுவே குவ்வலசெருவு கணவாய் இருக்கிறது. வளைவுகளில் பாரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், விபத்துக்குப் பேர்போன இடம். அங்கே முந்தக் கூடாது. முதல் நாள் அந்தியை விட்டுவிடுங்கள். கணவாயை வெளிச்சத்தில் கடந்தால் போதும்.

பெட்ரோல், டீசல் ஆந்திராவில் நம் ஊரைவிட விலை அதிகம். காட்பாடியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். போக, வர, சுற்ற எல்லாம் சேர்த்து 1,250 முதல் 1,300 கி.மீ. ஆகும். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காருக்கு 85 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். திரும்பும் கணக்கும் சேர்த்து ஜம்மலமடுகில் ஒரு தடவை நிரப்ப வேண்டிவரும். அதற்குப் பிறகு கோட்டைப் பக்கம் பங்க் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வாடகை வண்டி, டெம்போ டிராவலர் என்றால் ஆந்திர பர்மிட், டோல், டிரைவர் பேட்டா மூன்றும் பேசிய தொகைக்குள் வருமா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சித்தூர் எல்லையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு பர்மிட் காசு யார் கொடுப்பது என்று தகராறு நடப்பது வழக்கமான காட்சி.

ரயிலில் போகிறவர்களுக்கு

மன்னார்குடியிலிருந்து திருப்பதிக்கு பாமணி எக்ஸ்பிரஸ் உண்டு. தினமும் ஓடாது, கிழமை பார்த்து நாளைக் குறிக்க வேண்டும். திருப்பதியிலிருந்து கடப்பாவுக்குச் சுமார் 140 கி.மீ., பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். வழியில் ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயிலில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடிக்கலாம், கடப்பாவுக்கு முன்னால் 25 கி.மீ.யில் இருக்கிறது. கடப்பாவிலிருந்து ஜம்மலமடுகுக்கு பஸ், அங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ. கோட்டைக்கு பஸ் குறைவு. ஆட்டோவைப் பேசும்போதே திரும்பி வர எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் சேர்த்துப் பேசி, நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தி முடிந்து கோட்டை வாசலில் வண்டி இல்லாமல் நிற்பது நல்லா இருக்காது.

இன்னொரு வழி: இரவு ரயிலில் சென்னை போய், அங்கிருந்து மும்பை ரயிலில் கடப்பா. மும்பை வண்டிகள் அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பா, எர்ரகுண்ட்லா வழியாகத்தான் போகின்றன. கண்டிக்கோட்டாவுக்குக் கிட்டத்து ஸ்டேஷன்களில் ஒன்று முத்தனூரு, ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது. குடும்பத்தோடு போனால் கடப்பாவில் இறங்குவது நிம்மதி. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும்.

திருப்பதி வரை போகிறோமே, அப்படியே பெருமாளையும் சேவித்துவிடலாம் என்று வீட்டில் ஒரு குரல் எழும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். கையில் தரிசன டிக்கெட் உறுதியாக இருந்தால் திரும்பும் வழியில் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் வேண்டவே வேண்டாம். வரிசையில் நாலு மணி நேரம் தாமதமானால் பின்னால் உள்ள எல்லாம் சரியும்.

தங்குமிடம்

கோட்டைக்குப் பக்கத்திலேயே ஆந்திர சுற்றுலாக் கழகத்தின் ஹரிதா ஓட்டல் இருக்கிறது. அறைகள் கொஞ்சம்தான், சனி ஞாயிறுக்கு சீக்கிரம் தீரும். முதலில் அதை ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு, அந்த நாளை வைத்து ரயில் டிக்கெட்டை எடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அங்கே கிடைக்காவிட்டால் ஜம்மலமடுகில் லாட்ஜ், கொஞ்சம் வசதி வேண்டுமென்றால் புரொத்துட்டூர். புரொத்துட்டூரில் தங்கினால் விடியலுக்கு மணி நாலரைக்கே எழ வேண்டும்.

டென்ட் போட்டுத் தருகிறவர்கள் நிறைய. பணம் அனுப்பும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: கழிவறை எத்தனை பேருக்கு ஒன்று, விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், இரவில் விளக்கு எரியுமா, மழை வந்தால் பணம் திரும்புமா. விளிம்பை ஒட்டியே கூடாரம் என்று பெருமையாகச் சொன்னால் அவர்களை விட்டுவிடுங்கள். இரவில் எழுந்து இரண்டடி தப்பாக வைத்தால் போதும். மார்கழி இரவு அங்கே நம் ஊர்ப் பனியைவிடக் குளிர் கூடுதல், துண்டு போர்த்திச் சமாளிக்க முடியாது. ஆளுக்கொரு கம்பளி.

இரண்டாம் நாள்: விளிம்பு

டிசம்பர் கடைசியில் சூரியன் எழுவது 6:40 சுமார். ஆறு மணிக்கு நீங்கள் கோட்டைக்குள் இருக்க வேண்டும். வாசல் வளைந்து குறுகியது, எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் அடைத்துக்கொள்ளும். வண்டியை வெளியே விட்டுவிட்டு நடங்கள். உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கும் சின்ன ஊர், இருட்டில் சத்தம் போடாமல் போக வேண்டும். ஜும்மா மசூதியைத் தாண்டி ஆற்றுப் பக்கம் திரும்பினால் பத்துப் பதினைந்து நிமிட நடை. கடைசிப் பகுதி படிக்கட்டு கிடையாது, பாறைக்குப் பாறை கால் மாற்றி ஏற வேண்டும்.

இந்தப் பாறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், கால் எங்கே வைப்பது என்று புரியும். இது குவார்ட்சைட், நூறு கோடி ஆண்டுக்கும் மேல் வயது. கடினமானது, ஆனால் நேர்நேராக வெடித்துப் பெட்டி பெட்டியாகப் பிரிகிற கல். விளிம்பில் நீங்கள் ஒரே பாறை என்று நினைப்பது பல இடங்களில் தனித்தனிக் கட்டிகள், நடுவே ஒரு முழம் அகலத்தில் பிளவு. மேற்பரப்பு ஆட்கள் நடந்து நடந்து மழமழவென்று இருக்கும், அதன் மேல் மெல்லிய மணல். ரப்பர் செருப்பு இதில் வழுக்கும். நம் ஊரில் களத்துமேட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே செருப்பில் போய்ப் பழகியவர்கள் இங்கே மட்டும் பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஒரு கட்டியில் முழு எடை வைக்கும் முன் ஒரு காலால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் வேறு கல். பனியிலோ தூறலிலோ நனைந்திருந்தால் அன்று விளிம்புக்குப் போகாமல் பின்னால் நின்றே பாருங்கள்.

பெரும்பாலான இடத்தில் கம்பித் தடுப்பு கிடையாது. விளிம்பிலிருந்து ஆறடிக்கு இப்பால் நிற்பது, அதற்கு அப்பால் போனால் உட்கார்ந்தே நகர்வது. குழந்தைகளின் கையை ஒரு பெரியவர் பிடித்திருக்க, போட்டோ எடுப்பது வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்வதில்தான் விபத்து நடக்கிறது. திடீர்க் காற்று உண்டு, புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். கீழே இறங்கிக் குளிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஆழமான அணை நீர், படித்துறை இல்லை, ஏதாவது ஆனால் மேலே தூக்கி வர வழியில்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள் பாறை ஏற வேண்டாம். அவர்களை மாதவராய கோயில் பக்கம் உட்கார வையுங்கள், அது சமதளம்.

எட்டு மணிக்கு மேல் கோட்டை. விஜயநகரத்தின் கீழ் பெம்மசானி நாயக்கர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்ட இடம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பிடித்தான். மாதவராய கோயிலில் மூலவர் இல்லை, ஆனால் கோபுரமும் தூண் சிற்பங்களும் நின்று பார்க்க வேண்டியவை. ரங்கநாதர் கோயில் ஒன்றும் இருக்கிறது. மசூதிக்குப் பக்கத்தில் கல்லில் கட்டிய தானியக் களஞ்சியம். பாபநாசம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்கள் இதை அவசியம் உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே செங்கல்லில் கூம்பாகக் கட்டினார்கள், இங்கே கல் வளைவு. முற்றுகை வந்தால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க நெல்லுக்குச் சமமாகத் தண்ணீரும் வேண்டுமே, குளங்களும் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன. சிறைச்சாலை, புறாக்கூண்டு கோபுரம் எல்லாம் வழியிலேயே வரும்.

பத்தரைக்குள் முடித்து அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். நாலு மணிக்கு மறுபடி விளிம்பு, இந்தத் தடவை காலையில் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் பாறை ஏற முடியாத அளவு இருட்டிவிடும். ஆளுக்கொரு டார்ச், தலையில் மாட்டுவதாக இருந்தால் இரண்டு கையும் பாறையைப் பிடிக்கக் கிடைக்கும். போன் வெளிச்சம் போதாது.

சாப்பாடு, தண்ணீர், காசு

ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஜம்மலமடுகிலேயே கேன் வாங்கி வண்டியில் ஏற்றுங்கள். ராயலசீமைச் சாப்பாடு காரம் என்றால் காரம். ராகி சங்கடியும் (கேழ்வரகுக் களி) நாட்டுக்கோழிப் புலுசும் (குழம்பு) சாப்பிடாமல் வரக் கூடாது, ஆனால் குழந்தைகளுக்கு வாங்கும்போது கடையில் முதலிலேயே 'காரம் தக்குவ' (காரம் குறைவாக) என்று சொல்லிவிடுங்கள். கடப்பா காரதோசையில் நெய் கூடுதலாகக் கேட்கலாம். முதல் நாளுக்குப் புளியோதரை, அவசரத்துக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் கையில் இருக்கட்டும். சித்தூர் வரை தமிழ் ஓடும், பீலேர் தாண்டினால் தெலுங்குதான்.

கோட்டைப் பக்கம் சிக்னல் சில நேரம் விளையாடும், ஜிபே நம்பி இருக்காதீர்கள். ரூ. 3,000 அளவுக்குச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். மேப்பை கடப்பாவிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். ஓஆர்எஸ் ஐந்தாறு பாக்கெட், கிரேப் பேண்டேஜ், தொப்பி, முழுக்கைச் சட்டை.

மூன்றாம் நாள்: தாடிபத்ரி, பேலம்

தாடிபத்ரிக் கோயில்களும் பேலம் குகையும் ஒரே சுற்றில் வரும், ஆனால் வரிசை முக்கியம். விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்பி முதலில் தாடிபத்ரி. கோயில் மதியம் நடை சாத்துவார்கள், குகைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மாற்றிப் போனவர்கள் தாடிபத்ரியில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

பெண்ணாற்றங்கரையில் புக்கா ராமலிங்கேஸ்வரர், ஊருக்குள் சிந்தல வேங்கடரமணர். நம் கோபுரங்களில் கீழே கல் வெறுமையாக இருக்கும், மேலே சுதைச் சிற்பம். இங்கே அடிக்கல்லிலிருந்தே செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். ராமலிங்கேஸ்வரர் கோயிலின் கோபுரம் முடிக்கப்படாமல் நிற்பதால் சிற்பம் கண்ணுக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கிறது. வேங்கடரமணர் கோயிலில் கல்தேர்.

அங்கிருந்து பேலம் குகை சுமார் 30 கி.மீ. சாலையின் இரு பக்கமும் கறுப்புக் கல் பலகைகள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். நம் அடுப்படி அலமாரியில் இருக்கிற கடப்பா கல் இந்த வட்டாரத்துச் சரக்கு. அந்தச் சுண்ணாம்புக் கல்லை நிலத்தடி நீர் கரைத்துத்தான் பேலம் குகை உண்டானது. மொத்த நீளம் 3,229 மீட்டர், அதில் ஒரு பகுதிதான் பொதுமக்களுக்கு. பாதாளகங்கை என்ற இடம் வாசலிலிருந்து 46 மீட்டர் ஆழம். உள்ளே வெயில் இல்லையே தவிர புழுக்கம் கடுமை, பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். காற்றுக் குழாய் வைத்த இடங்களில் நின்று நின்று போங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் முதல் மண்டபத்தோடு திரும்பிவிடுவது நல்லது. குனிந்து போகும் இடங்களும் உண்டு. ஒன்றரை மணி நேரம் போதும். மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டும் வேளையில் கடப்பா, அன்று இரவு அங்கேயே.

நான்கு நாள் முடியாது, இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் கண்டிக்கோட்டாவைத் தொடாதீர்கள், சாலையிலேயே போய்விடும். காவிரியே பாறையை அறுத்துக்கொண்டு வரும் ஒகேனக்கல் நமக்கு 350 கி.மீ.க்குள். பரிசலில் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகலாம். கிளம்பும் முன் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பாருங்கள், வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள்.

நான்காம் நாள் கடப்பாவில் ஏழு மணிக்குக் கிளம்புங்கள். குவ்வலசெருவில் பால்கோவா புகழ்பெற்றது, இந்தத் தடவை அவசரம் இல்லாததால் நிறுத்தி வாங்கலாம். அன்றே செய்ததா என்று கேட்டு, ஊருக்குக் கொண்டுவருவதைத் தனி டப்பாவில் கட்டச் சொல்லி, ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள். மதியம் வேலூர், இரவு எட்டரை ஒன்பதுக்குக் கும்பகோணம்.